நாலு தரம் நின்றால் முட்டை வேகும்

அத்தியாயம் பதினேழு

கணேசமூர்த்தி அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே படுக்கப் போனதைப் போன வாரம் பார்த்தோம். விடிந்ததும் சட்டை மாறியிருந்தது. கடிதம் மாறவில்லை. புஷ்பவள்ளி இஸ்திரி போட்டு மாட்டியிருந்த நீலச் சீருடையின் பையில் அதை மடித்துச் செருகிக்கொண்டு, பசியாறக்கூட உட்காராமல் வாசலில் காலணி தேடிக்கொண்டிருந்தார் மனுஷன்.

அப்படி என்ன பொல்லாத கடிதம் என்று இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்கள் கேட்பீர்கள். லாபு செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு பம்பு உண்டு. அந்தப் பம்பை ஓட்டுவது ஓர் இன்வெர்ட்டர் பெட்டி. ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் அந்தப் பெட்டி புகைந்துவிட்டது. சப்ளை செய்த கோலாலம்பூர் கம்பெனியின் என்ஜினியர் தர்மராஜ் வந்தார், திறந்தார், காற்றுத் துளையில் காய்ந்த செவ்வந்தி இதழ்களைப் பார்த்தார், படம் பிடித்தார். தீர்ப்பையும் அங்கேயே சொல்லிவிட்டார்.

மாலை போட்டது பாய்லர்மேன் கணேசமூர்த்தி. முப்பத்தோரு வருஷமாக மில்லின் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, மாலை சாத்துகிறவர் அவர்தான். “என் கவனக்குறைவால் பெட்டி கெட்டது” என்று அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இன்று இரண்டு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் வேலை போகும். வேலையோடு மில் கொடுத்த இந்த வீடும் போகும்.

“மாமா, ரெண்டு மணிக்குத்தானே மீட்டிங்? அதுவரைக்கும் அதக் குடுக்காதீங்க” என்றாள் மருமகள் ரோகினி.

“குடுத்துட்டா நிம்மதி லா. மாலை போட்டது நான். பூ உள்ள போயிருக்கு. படத்துல என் கண்ணால பாத்தேன். நான் செஞ்சதுக்கு நான் கையெழுத்துப் போடுறேன், இதுல என்ன வெக்கம்?”

“நீங்க செய்யலன்னா?”

“அப்ப யாரு செஞ்சா?”

அதைத்தான் ரோகினி தேடிக்கொண்டிருந்தாள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு சுவரைச் சுற்றி மில் வாசல் பக்கம் போவதைப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செய்யாத குற்றத்துக்கு இந்த மனுஷன் என்னமாய் அவசரப்படுகிறார்!

செய்யவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. செனவாங்கில் அவள் என்ஜினியராக இருந்த தொழிற்சாலை மூடியதிலிருந்து எட்டு மாதமாக அவளுக்கு அலுவலகம் இந்தச் சமையலறை மேசைதான். கம்பெனி வாங்கிக் கொடுத்திருந்த விலை உயர்ந்த மென்பொருள் எல்லாம் கம்பெனியோடு போயிற்று. மிஞ்சியது மடிக்கணினியும், யாரும் காசு கொடுக்க வேண்டாத இரண்டு மென்பொருளும். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, எழுதிய ஒவ்வொரு வரியையும் மூடி மறைக்காமல் உலகத்துக்கே திறந்து வைத்தவை அவை. ஒன்று சூடு எப்படிப் பரவும் என்று கணக்குப் போடும். மற்றது அந்தச் சூட்டால் எங்கே இழுக்கும், எங்கே விரிசல் விழும் என்று சொல்லும்.

பெட்டிக்குள்ளே மின்சாரத்தைக் கட்டி மேய்க்கிற பாகம் உள்ளங்கை அகலம்தான். சில்லு, அதன் கீழே பீங்கான், அதன் கீழே ஒட்டவைக்கும் ஈயம், பிறகு தாமிரத் தட்டு என்று அடுக்கடுக்காக அவள் அதைக் கணினியில் கட்டிவிட்டாள். ஓர் அடுக்கின் கனத்தைத் தப்பாகக் கொடுத்திருந்ததை, அந்த மென்பொருளுக்கென்று உள்ள இணையக் குழுவில் புனேயிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்திருந்தாள். தெருமுனையில் இருக்கிற தனலெட்சுமி அக்கா கடையில்கூட அவ்வளவு சீக்கிரம் பதில் கிடைக்காது.

காற்றுத் துளையை மாலை பாதி அடைத்தால் என்ன ஆகும் என்று இன்று காலையும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள். ஒன்பது டிகிரி கூடியது. அவ்வளவுதான். ஒன்பது டிகிரிக்கெல்லாம் அது சாகாது.

ஆனால் வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. அப்படியானால் இந்தப் பெட்டி எத்தனை காலம் உழைக்கும் என்று கேட்டால், கணினி பதினொரு வருஷம் என்றது. செத்ததோ ஐந்தே மாதத்தில்! இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போனால் தர்மராஜ் சிரிப்பார். பூவும் இல்லை, வேறு எதுவும் இல்லை என்றால் பெட்டி வேண்டுதல் வைத்தா புகைந்தது என்று கேட்பார்.

“இன்னும் அதையேதான் நோண்டிக்கிட்டு இருக்கியா?” அடுப்பில் முட்டைச் சட்டியை ஏற்றியபடி கேட்டாள் மாமியார் புஷ்பவள்ளி. “சும்மா கெடைக்கிற சாமானுக்கு என்ன மதிப்பு இருக்கப் போவுது? பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஓசியில போடுற கருவேப்பிலைதான். நீ அதுக்குப் பதிலா உன் புருஷன்கிட்டப் பேசு. அவன்தானே அந்தக் கம்பெனிக்கே வேலை செய்றான்?”

இதுவும் நமக்குத் தெரிந்த புண்தான். கணேசமூர்த்தியின் மகன், ரோகினியின் கணவன் ஷங்கர், அதே கோலாலம்பூர் கம்பெனியில், அதே தர்மராஜுக்குக் கீழே டெக்னீஷியன். பெட்டி புகைந்ததிலிருந்து பதினொரு நாளாக அவன் வீட்டில் அளந்துதான் பேசுகிறான். இன்றும் விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லிங்கியில் வேலை என்று போய்விட்டான்.

“பேசினேன் அத்தை. ‘எனக்கு எதுவும் தெரியாது’ன்னு சொல்லிட்டாரு.”

“பெத்த அப்பன் வேலை போவுது, தெரியாதாம்!” புஷ்பவள்ளி கரண்டியைச் சட்டியில் ஓங்கி வைத்தாள். சத்தத்தில் ரோகினி காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்துவிட்டாள்.

புஷ்பவள்ளி வெங்காயம் அரிந்தாள். நடுவில் ஒரு தரம் தலையைச் சாய்த்தாள், மறுபடி அரிந்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

ஒப்புக்குத்தான் கேட்டாள் ரோகினி. “மணி பாக்காமலே அணைச்சிட்டீங்களே அத்தை. வெந்துருச்சா?”

“நாலு தரம் நின்னுச்சுல்ல? நாலு தரம் நின்னா முட்டை வெந்துரும். சோத்துக்கு ஆறு.”

“எது நின்னுச்சு?”

“உங்க மாமாவோட பம்புதான், வேற எது? இந்தச் சொவத்துக்கு அந்தப் பக்கந்தானே பம்பு ரூம்பு. முந்தி பழைய மோட்டார் ஓயாம ஓடிக்கிட்டே கெடக்கும். இந்தப் புதுப் பெட்டி வந்ததுல இருந்து ஓடுது, நிக்குது, ஓடுது, நிக்குது. அது வந்த பொறவு நான் கடியாரத்தையே பாக்கறது இல்ல.”

ரோகினிக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று.

எட்டு மாதமாக இதே மேசையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாய்லர் இரைச்சலில் வேலை செய்கிற மாமாவோ காதை மூடிக்கொண்டு தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்க்கிறவர். மட்டம் சரியாக இருந்தது, அவர் வேலை முடிந்தது. கம்பெனிப் புத்தகத்தில் ‘பம்பு இடைவிடாமல் ஓடும்’ என்று அச்சடித்திருந்ததை அவள் அப்படியே நம்பிக் கணினிக்கு ஊட்டியிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கேட்டது முட்டை அவிக்கிறவள் ஒருத்திதான்.

கைப்பேசியை எடுத்து நேரம் பார்த்தாள். பம்பு ஓடியது. நின்றது. ஓடியது. ஒரு சுற்றுக்கு மூன்று நிமிஷம். மணிக்கு இருபது தரம். கெட்ட பெட்டிக்குப் பதிலாக வைத்த புதுப் பெட்டியும் அதே தாளத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள், விஷயம் இருக்கிறது. சும்மா சூடாகவே இருந்தால் அந்தச் சில்லு பிழைத்துக் கிடக்கும். சூடாகி, ஆறி, மறுபடி சூடானால்தான் ஆபத்து. சூட்டில் தாமிரம் ஓர் அளவு விரியும், பீங்கான் வேறோர் அளவு விரியும். இரண்டையும் ஒட்ட வைத்திருக்கிற ஈயம், மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே மாட்டிய மகன் மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபடும். ஒரு தரம் இழுத்தால் தாங்கும், ஆயிரம் தரமும் தாங்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

புதிய தாளத்தைக் கணினிக்குக் கொடுத்தாள். இருபது நிமிஷம் அது ஓடியது. நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பதினொரு வருஷம் போய், நூற்று நாற்பத்தெட்டு நாள் என்று வந்தது.

“அத்தை!” ரோகினி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஓடிப்போய் புஷ்பவள்ளியைக் கட்டிக்கொண்டாள். “அத்தை, மாமா தப்பே இல்ல! நீங்கதான் கண்டுபிடிச்சீங்க!”

“அலாமாக், விடுடி! என்னத்தக் கண்டுபிடிச்சேன்? முட்டையா?”

“முட்டையத்தான்!”

ஷங்கருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ‘பம்பு மூணு நிமிஷத்துக்கு ஒரு தரம் நிக்குது. அதுலதான் பெட்டி போச்சு. அப்பா மேல தப்பில்ல. ரெண்டு மணிக்கு நான் மில்லுல பேசப் போறேன்’ என்று செய்தி அனுப்பினாள். படித்துவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. பதில் வரவில்லை.

மில் மேனேஜர் ஷம்சுதீன் அதிகம் பேசாதவர். இரண்டு மணிக்கு பம்பு அறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தர்மராஜ் படங்களை மேசையில் பரப்பியிருந்தார். கணேசமூர்த்தி பையில் கை வைத்தபடி ஓரமாக நின்றார். மடிக்கணினியை ஒரு கையிலும், மாமியார் கட்டாயப்படுத்திக் கொடுத்த முட்டைத் தூக்குப் பாத்திரத்தை மறு கையிலும் ஏந்திக்கொண்டு ரோகினி உள்ளே வந்தாள்.

அவள் சொல்லி முடிக்கும்வரை தர்மராஜ் புன்னகையோடு கேட்டார்.

“சார், இது ஃப்ரீ சாஃப்ட்வேர் லா. இன்டர்நெட்ல எவன் எவனோ எழுதிப் போட்டது. நாங்க யூஸ் பண்றது வருஷத்துக்கு எவ்வளவு லைசென்ஸ் தெரியுமா? இதுக்கு யாரு கேரண்டி?”

“தெர்மாமீட்டர் கேரண்டி” என்றாள் ரோகினி. “சார், எங்க கணக்குல ஒளிவு மறைவு இல்ல. எந்த வரி வேணும்னாலும் தொறந்து காட்டுறேன். அதைவிடச் சுலபமா ஒண்ணு இருக்கு. இந்தப் புதுப் பெட்டியில மாலை கெடையாது, சந்தனம் கெடையாது. சில்லு நிக்கிற தாமிரத் தட்டுல ஒரு சென்சர் வைப்போம். அது எவ்வளவு ஏறும், எவ்வளவு எறங்கும்னு நான் இப்பவே எழுதிடுறேன். தப்பா வந்தா மாமா கையெழுத்துப் போடட்டும்.”

“ரோகினி!” என்றார் கணேசமூர்த்தி.

ஷம்சுதீன் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார். அவள் பெரிதாக எழுதினாள்: மேலே 78, கீழே 51.

கணேசமூர்த்தி மாற்றுப் பம்பை ஓடவிட்டு, இதை நிறுத்தி, மின்சாரம் வராதபடி சுவிட்சுக்கு முறைப்படி பூட்டுப் போட்டார். சென்சரை வைத்ததும் தர்மராஜேதான், யாரும் நாளைக்கு வாய் பேசக்கூடாது என்று. பெட்டி மூடியது. பம்பு ஓடியது. நின்றது.

தர்மராஜ் மீட்டரைத் திருப்பிக் காட்டினார். “அறுபத்து ரெண்டு. எழுபத்தெட்டு எங்கம்மா? ஆளு லீவா?”

“பூட்டிக் கெடந்ததுல ஆறிப்போச்சு. இது மொதத் தரம். பத்து தரம் நிக்கட்டும்.”

“அரை மணி நேரமா? எனக்கு நாலு மணிக்கு மம்பாவ்ல வேலை இருக்கு.”

“உக்காருங்க, தர்மராஜ்” என்றார் ஷம்சுதீன்.

அரை மணி நேரம் சும்மா உட்கார முடியுமா? ரோகினி தூக்கைத் திறந்து நீட்டினாள். ஷம்சுதீன் ஒரு முட்டையை எடுத்து உரித்தார். “நல்லாப் பதமா வெந்திருக்கே” என்றார்.

“இந்தப் பம்பு நாலு தரம் நின்னதுல வெந்தது சார்” என்றாள். அந்த மனுஷர் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆனால் அவள் முட்டையைத் தொடவே இல்லை. தட்டின் கனத்தை மறுபடி தப்பாகக் கொடுத்திருந்தால்? புனேக்காரி பார்க்காத இன்னொரு பிழை இருந்தால்? மாமாவின் வீட்டை அவளல்லவா ஒரு வெள்ளைப் பலகையில் பந்தயம் வைத்துவிட்டாள்.

மூன்றாம் தரம் அறுபத்தொன்பது. ஐந்தாம் தரம் எழுபத்து மூன்று. தர்மராஜ் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏழாம் தரம் எழுபத்தாறு.

“எட்டு” என்று எண்ணினார் கணேசமூர்த்தி. அவர் கை பையிலிருந்து எப்போது வெளியே வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. “எழுபத்தேழு. ஒம்போது... எழுபத்தேழுதான். பத்து...”

மீட்டரில் எண் ஏறியது. 78. அங்கேயே நின்றது. பம்பு ஓய்ந்தது. எண் இறங்கியது, இறங்கியது, 52 வந்ததும் பம்பு மறுபடி கிளம்பிவிட்டது.

“மேலே குண்டுமணி அளவுகூடத் தப்பல. கீழே ஒரு டிகிரி” என்றார் ஷம்சுதீன்.

“வெளியில இவ்வளவுன்னா உள்ள சில்லு எழுபது டிகிரி ஏறி எறங்குது சார்” என்றாள் ரோகினி. “எழுபது டிகிரி ஆட்டத்துல இந்தச் சில்லு எத்தனை தரம் தாங்கும்னு இவங்க கம்பெனிப் புத்தகத்துலயே பட்டியல் இருக்கு. அறுபதாயிரம் தரம். மணிக்கு இருபது, ஒரு நாளைக்கு இருபது மணி நேரம், அஞ்சு மாசம். நீங்களே பெருக்கிப் பாருங்க.”

ஷம்சுதீன் கைப்பேசியில் பெருக்கினார். திரையைத் தர்மராஜ் பக்கம் திருப்பினார். அதில் 60000 என்று இருந்தது. தர்மராஜ் கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

கணேசமூர்த்தி கடிதத்தை எடுத்தார். நாலாகக் கிழித்தார். முட்டை ஓட்டோடு தூக்கில் போட்டு மூடினார். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. “என் தாயே, நான்தான்னு நெனைச்சிட்டேனே! பதினோரு நாளு சாமி மேடைப் பக்கமே போவல நான்.”

“ஒம்பது டிகிரி உங்க தப்புதான் மாமா” என்றாள் ரோகினி சிரித்துக்கொண்டே. “அடுத்த வருஷம் மாலைய பெட்டிக் கதவோட கைப்பிடியில போடுங்க. காத்துத் தொளைய விட்டுருங்க.”

“பூஜை நடக்கும்” என்றார் ஷம்சுதீன். “இப்ப எனக்கு ஒண்ணு தெரியணும். இடைவிடாம ஓட வேண்டிய பம்ப இப்படி நின்னு நின்னு ஓட வெச்சது யாரு?”

தர்மராஜ் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அவர் முகத்தில் பழைய புன்னகை திரும்பி வந்தது. ரோகினிக்கு அது பிடிக்கவில்லை.

“கரண்ட் மிச்சம் பண்ற செட்டிங் சார். எங்க ஆளுதான் போட்டிருக்கான். என்னைக் கேக்காமப் போட்டிருக்கான். கையெழுத்துப் பாக்கணுமா?” கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி மேசையில் வைத்தார். “நல்லாப் பாருங்கம்மா. உங்களுக்குத் தெரிஞ்ச கையெழுத்தாத்தான் இருக்கும்.”

தெரிந்த கையெழுத்துதான். கல்யாணப் பதிவில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற அதே கையெழுத்து. ஷங்கர்.

கணேசமூர்த்தி எட்டிப் பார்த்தார். மகனின் பெயரைப் படித்தார். சற்று முன் அழுதுகொண்டே சிரித்த முகம் அப்படியே இறுகிப்போயிற்று. அப்பாவைக் காப்பாற்றிய கையாலேயே மகனைப் பிடித்துக் கொடுத்துவிட்டோமே என்று ரோகினிக்கு உறைத்தது. ஆனாலும் அவள் தாளைக் கவிழ்த்து மறைக்கவில்லை.

“கணக்கு சரிதான் சார். யாரு பேரு வந்தாலும் சரிதான்” என்றாள்.

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து சடாரென்று நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஷங்கர் உள்ளே வந்தான். லிங்கியிலிருந்து ஒரே மூச்சாக வந்திருக்கிறான், சட்டையெல்லாம் மழை. மேசை மேலிருந்த தாளைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

“போட்டது நான்தான் பா. கையெழுத்தும் என்னுதுதான். வேலை போயிரும்னு பயந்துக்கிட்டு பதினோரு நாளு வாயத் தொறக்கல. ரோகினி மெசேஜ் பாத்தப்பொறம் என்னால அங்க நிக்க முடியல.” கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்தான். “இந்த செட்டிங் வேணாம், பெட்டி தாங்காதுன்னு நான் எழுதினது இதுல இருக்கு. அதுக்கு தர்மராஜ் சார் போட்ட பதிலும் இருக்கு.”

தர்மராஜின் கை கைப்பேசியை நோக்கிப் பாய்ந்தது. ரோகினியின் கை முந்திக்கொண்டது.

ஷம்சுதீன் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “படிங்கம்மா” என்றார். “எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”